ஒரு கிலோ தீவனமும் இரண்டு லிட்டர் தண்ணீரும்

ஒரு டன் கறிக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளம் ஏறக்குறைய 600 கிலோ, சோயாப் புண்ணாக்கு 320 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். உப்பு இரண்டரை முதல் நாலரை கிலோதான். மூட்டையின் மொத்த விலையில் உப்பின் பங்கு கண்ணுக்கே தெரியாது. அதனால்தானோ என்னவோ, சோள விலையையும் சோயா விலையையும் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை. கூளம் நசநசவென்று ஈரமாகும்போது குடல் கிருமி என்று மருந்து வாங்குகிறோம். கோழி மல்லாந்து செத்துக்கிடந்தால் மாரடைப்பு என்கிறோம். வயிறு உப்பி நீர் கோத்துக்கொண்டால் குளிர்காலம் என்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் உப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றிலும் உப்பின் கணக்கைப் பார்க்காமல் மற்ற காரணத்துக்குப் போவது தவறு. பல்லடம், உடுமலை, பொங்கலூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் இந்தக் கணக்கின் பாதி தீவன ஆலையிலும் மறுபாதி ஆழ்துளைக் கிணற்றிலும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க ஆளில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

கோழியின் உடலில் சோடியம் செய்யும் வேலைகள் பல. இரத்தத்தின் கன அளவைக் காப்பதும் நரம்புத் துடிப்பைக் கடத்துவதும் எல்லோரும் அறிந்தவை. பண்ணையாளருக்கு நேரடியாகப் பணமாகத் தெரிய வேண்டிய வேலை குடலில் நடக்கிறது. குடல் சுவரின் செல்லுக்குள் குளுக்கோஸ் தனியாக நுழைவதில்லை. சோடியத்தோடு சேர்ந்தே நுழைகிறது. 1960-ல் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் முன்வைத்த கருத்து இது. வயிற்றுப்போக்குக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசல் கொடுக்கிறோமே, அதன் அடிப்படையும் இதுதான். பல அமினோ அமிலங்களும் இதே வழியில்தான் உள்ளே போகின்றன. ஆகவே சோடியம் குறைந்த தீவனத்தைத் தின்னும் குஞ்சு, சோளத்தின் மாவையும் சோயாவின் புரதத்தையும் விழுங்கியும் முழுதாகப் பயன்படுத்த முடியாமல் வெளியேற்றுகிறது.

பொரித்த முதல் வாரத்தில் இந்தப் பற்றாக்குறை கூடுதலாக உறைக்கும். மஞ்சள்கருவின் கொழுப்பில் வாழ்ந்துகொண்டிருந்த குஞ்சு ஒரே நாளில் மாவுப் பொருளுக்கு மாறுகிறது. அப்போது குடலுக்குள் குளுக்கோஸை இழுக்கப் போதிய சோடியம் இருப்பதில்லை என்பதை இஸ்ரேல் ஆய்வாளர்களான நோய் (Noy), ஸ்க்லான் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-ல் வெளியிட்ட அட்டவணை, முதல் மூன்று வாரத்துக்குத் தீவனத்தில் சோடியம் 0.20 விழுக்காடு, அடுத்த மூன்று வாரத்துக்கு 0.15, அதன் பிறகு 0.12 என்று வகுத்தது. குளோரைடுக்கும் அதே எண்களைத்தான் தந்தது. பிரேசிலின் ரோஸ்டாக்னோ அட்டவணைகள் முதல் வாரத்துக்கு 0.22 விழுக்காட்டை ஒட்டிக் கேட்கின்றன. பின் வாரங்களிலும் அமெரிக்க அட்டவணை அளவுக்கு இறங்குவதில்லை. இன்றைய கறிக்கோழி 1994-ன் கோழி அன்று. வேகமாக வளர்கிற உடலுக்குப் பழைய பின்வார எண்கள் போதாது என்பதைப் பிந்தைய அட்டவணைகள் எல்லாம் ஒப்புக்கொள்கின்றன. கடைசி வாரங்களுக்கான பினிஷர் தீவனத்தில் 0.12-க்கு இறக்கி உப்பை மிச்சம் பிடிப்பது எந்த வகையிலும் லாபமில்லாத சிக்கனம்.

குறைவு எப்படிக் கெடுதலோ, மிகுதியும் அப்படியே. கடற்பறவைகளுக்கும் வாத்துக்கும் மூக்கருகே உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு. கோழிக்கு அந்த வசதி இல்லை. மனிதச் சிறுநீரகம் இரத்தத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவான சிறுநீரை உண்டாக்கும். கோழியின் சிறுநீரகம் இரண்டு மடங்குக்கு மேல் போவது கடினம். உப்பு மிகுந்தால் கோழிக்குத் தெரிந்த ஒரே வழி அதிகம் குடித்து அதிகம் கழிப்பது. அந்த நீர் முழுவதும் கூளத்தில்தான் விழுகிறது.

இனி கணக்குக்கு வருவோம். சாதாரண உப்பில் சோடியம் 39 விழுக்காடு, குளோரைடு 61 விழுக்காடு. உப்பைக் கொண்டு சோடியத்தை நிரப்பினால், கேட்காமலே அதைவிட ஒன்றரை மடங்கு குளோரைடும் வந்து சேரும். சோளத்திலும் சோயாவிலும் சோடியம் மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்து டன்னுக்கு 200 கிராம் கொடுத்தால் பெரிது. மீதி 1.8 கிலோ சோடியத்தை உப்பிலிருந்து மட்டுமே எடுத்தால் 4.6 கிலோ உப்பு வேண்டும். அதோடு 2.8 கிலோ குளோரைடும் சேரும். மூலப்பொருள்களில் 400 கிராம் குளோரைடு ஏற்கெனவே இருக்கும். லைசின் ஹைட்ரோகுளோரைடு இரண்டரை கிலோ போட்டால் அதில் ஏறத்தாழ அரைக் கிலோ குளோரைடு. கோலின் குளோரைடிலிருந்து இன்னும் 150 கிராம். ஆக, 0.20 விழுக்காடு சோடியத்துக்காகப் புறப்பட்டவர் 0.38 விழுக்காடு குளோரைடில் வந்து நிற்கிறார்.

உப்பை இரண்டரை கிலோவாகக் குறைத்து, மூன்று கிலோ சோடியம் பைகார்பனேட் சேர்த்துப் பாருங்கள். பைகார்பனேட்டில் சோடியம் 27 விழுக்காடு, குளோரைடு துளியும் இல்லை. சோடியம் அதே 0.20, குளோரைடோ 0.26-க்கு இறங்கிவிடுகிறது. சோடியம் சல்பேட்டும் இந்த வேலையைச் செய்யும். லைசினையே சல்பேட் வடிவில் வாங்கினால் குளோரைடு இன்னும் குறையும்.

இந்த வேறுபாட்டை ஒரே எண்ணில் சொல்லும் வழியைப் பிரான்சின் பியர் மோன்ஜன் வகுத்தார். 1981-ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் தீவன வல்லுநர்கள் எடுத்துக்காட்டும் ஒன்று. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, அதிலிருந்து குளோரைடைக் கழிக்க வேண்டும்; எல்லாவற்றையும் மில்லி ஈக்விவலன்ட் அலகில் வைக்க வேண்டும். கிலோ தீவனத்துக்கு 250 வந்தால் நல்லது என்றார். மின்பகுபொருள் சமநிலை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். மேலே போட்ட தீவனத்தில் பொட்டாசியம் 0.85 விழுக்காடு, அது பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. வெறும் உப்பை நம்பிய கலவையில் சமநிலை 196. பைகார்பனேட் சேர்த்த கலவையில் 232. ஆஸ்திரேலியாவில் ஜான்சனும் கருணஜீவாவும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில் 180-க்குக் கீழும் 300-க்கு மேலும் போனால் வளர்ச்சி குறைவதைக் கண்டார்கள். 196 என்பது அந்தக் கீழ்க்கோட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. குளோரைடு இன்னும் கொஞ்சம் கூடினால், உதாரணமாகக் கிணற்று நீரிலிருந்து வந்தால், கோடு தாண்டிவிடும்.

குளோரைடு மிகுதி காலையும் கெடுக்கும். முழங்காலுக்குக் கீழ் எலும்பின் மேல்முனையில் குருத்தெலும்பு கடினமாகாமல் கட்டியாகத் தங்கி, கோழி நொண்டுகிற ஒரு குறை உண்டு. லீச், நெஷெய்ம் இருவரும் 1965-ல் அதை விவரித்தார்கள். தாது உப்புக் கலவையில் குளோரைடைக் கூட்டினால் அந்தக் குறை பெருகுவதையும் பின்னர்க் காட்டினார்கள். நொண்டும் கோழியைக் கண்டதும் கால்சியம் டானிக் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். கால்சியமும் பாஸ்பரசும் சரியாக இருந்தும் நொண்டுகிறது என்றால் குளோரைடைப் பார்க்க வேண்டும்.

மோன்ஜனின் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. சோயாவை அள்ளிப் போட்டுப் பொட்டாசியத்தை ஏற்றினாலே 250 வந்துவிடும். சோடியம் பற்றாக்குறையாகவே இருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் சல்பேட்டும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. முதலில் சோடியம், பிறகு குளோரைடு என இரண்டையும் தனித்தனியே அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டு, கடைசியாகச் சமநிலையைச் சரிபார்ப்பதே முறை. தலைகீழாகப் போனால் எண் அழகாக இருக்கும், கோழி வளராது.

ஆய்வகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. தீவன மாதிரியில் 'உப்பு 0.5 விழுக்காடு' என்று அறிக்கை வந்தால், அங்கே பெரும்பாலும் அளந்தது குளோரைடை. வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு குளோரைடைக் கண்டுபிடித்து, அது முழுவதும் உப்பிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டு உப்பாக மாற்றி எழுதுகிறார்கள். கருவாட்டுத் தூளும் உப்பு மீனும் தீவனத்தில் தாராளமாகப் போன காலத்தில் அது பொருத்தமான சோதனை. அன்று பயந்தது மீனோடு வந்த உப்புக்குத்தான். இன்று லைசின், கோலின் வழியாக வரும் குளோரைடும் அந்த 'உப்பில்' சேர்ந்துவிடுகிறது. பைகார்பனேட் வழியாக வரும் சோடியமோ அதில் வராமலே போகிறது. அறிக்கை உப்பு அதிகம் என்று சொல்லும், கோழி சோடியமில்லாமல் தவிக்கும். சுடர் ஒளிமானியில் சோடியத்தைத் தனியாக அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய செலவு கிடையாது.

அதே குளோரைடுச் சோதனை வேறொரு வேலைக்கு அருமையாக உதவுகிறது. கலவை இயந்திரம் ஒழுங்காகக் கலக்கிறதா என்று பார்க்க, கலவையின் பத்து இடங்களிலிருந்து மாதிரி எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் பத்து கிராமை 90 மில்லி வெந்நீரில் கலக்கி, கூம்பாக மடித்த வடிதாளை அதில் இறக்கி, உள்ளே ஊறிவரும் தெளிந்த நீரில் ஒரு சோதனைப் பட்டையை நிறுத்துவார்கள். பட்டையின் நடுவே வெள்ளைக் கோடு ஏறும். எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு குளோரைடு. பத்துப் பட்டைகளின் மாறுபாடு பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கலவை நன்று. இருபதைத் தாண்டினால் ஒரு மூட்டையில் உப்பு கரிக்கும், அடுத்த மூட்டையில் இருக்காது. கல்லுப்பைப் பொடிக்காமல் கொட்டுகிற சின்ன ஆலைகளில் இது நடக்கக்கூடியதே. சராசரி சரியாக இருந்து என்ன பயன், ஒரு ஷெட்டுக்குப் போவது அந்த மூட்டைதானே?

இதுவரை சொன்னது தீவன மூட்டைக்குள் இருக்கும் கணக்கு. மூட்டைக்கு வெளியே இருப்பதுதான் கொங்குப் பகுதியில் பெரிய கணக்கு. கோழி ஒரு கிலோ தீவனத்துக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் சோடியம் இருந்தால், ஒவ்வொரு கிலோ தீவனத்தோடும் 600 மில்லிகிராம் சோடியம் கூடவே உள்ளே போகிறது. தீவனத்தில் 0.06 விழுக்காடு சோடியத்தைக் கூடுதலாகப் போட்டதற்கு அது சமம். தேவையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சித்திரை வெயிலில் அதே கிலோவுக்கு மூன்றரை லிட்டர் குடித்தால் 0.10-ஐத் தாண்டும். தண்ணீரில் சோடியம் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். அவிநாசி, காங்கேயம் பக்கத்தில் அந்த அளவில் தண்ணீர் கிடைக்கிறவர் புண்ணியம் செய்தவர்.

இதில் மண்ணின் இயல்பும் உண்டு, மனிதரின் கைவேலையும் உண்டு. பனியன் துணியில் சாயம் ஒட்ட உப்போ சோடியம் சல்பேட்டோ ஏராளமாகப் போடுவார்கள். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டக் கிணறுகளைக் கெடுத்த வரலாறு தமிழ்நாடு அறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஆலைகளுக்கு ஒழுங்கு வந்தாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பில் மேலேறி வந்துவிடாது. தென்னைக்கும் மாட்டுக்கும் அந்தத் தண்ணீர் என்ன செய்தது என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். கோழிக்கு என்ன செய்கிறது என்று போதுமான அளவு பேசவில்லை.

தண்ணீர் மென்மையாக்கும் கருவி இன்னொரு விபரீதம். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளில் சுண்ணாம்புப் படலம் கட்டிக்கொண்டு சொட்டுகிறது என்று அந்தக் கருவியை மாட்டுகிறார்கள். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. ஒரு மில்லிகிராம் கடினத்தன்மைக்கு 0.46 மில்லிகிராம் சோடியம். கடினத்தன்மை 600 உள்ள கிணற்றில் அந்தக் கருவி லிட்டருக்கு 276 மில்லிகிராம் சோடியத்தைச் சேர்க்கும். நிப்பிள் சுத்தமாகிவிடும், கூளம் ஈரமாகிவிடும். குஞ்சுகளுக்கு மென்மையாக்கிய நீரை முழுதாகக் கொடுப்பதைவிட எதிர்ச்சவ்வூடு வடிகட்டியில் வந்த நீரைக் கலந்து கொடுப்பது எவ்வளவோ மேல்.

தண்ணீர் வழியாக வரும் சோடியம் தீவனத்தில் வருவதைவிடக் கடுமையானது. கனடாவின் குவெல்ஃபில் ரிச்சர்ட் ஜூலியன் 1980-களில் குடிநீரில் சோடியத்தைக் கூட்டிக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இதயத்தின் வலப்பக்கம் தடித்தது, பிறகு தளர்ந்தது, வயிற்றில் நீர் கோத்தது. இரத்தத்தின் கன அளவு கூடுகிறது, சிவப்பணுக்கள் விறைத்துக்கொள்கின்றன, பறவையின் நுரையீரலோ விரிந்து கொடுக்காத அமைப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் இதயம் தாங்குமா? நம் பண்ணைகளில் மகோதரம் கண்ட கோழியை அறுத்துப் பார்க்கிறவர்கள் காற்றோட்டத்தையும் குளிரையும் மட்டுமே எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த ஷெட்டின் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் எடுத்துச் சென்றால் பாதி நேர்வுகளிலாவது பேச்சு மாறும் என்பது என் நம்பிக்கை.

ஈரக் கூளத்தைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. தென்னை நார்க்கழிவை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தால் போதும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. அந்த ஈரத்திலிருந்து அம்மோனியா, பாதப்புண், காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி என்று வரிசையாக வரும். சோடியம் மட்டும் காரணமாகாது. சோயாவின் பொட்டாசியமும் தண்ணீர் குடிக்க வைக்கும். காக்சிடியாவுக்குப் போடும் லாசலோசிட் போன்ற மருந்தும் கூளத்தை நனைக்கும். ஆனால் சோடியம் சட்டென்று மாற்றக்கூடியது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது அது.

கோடைக்கான உப்புகளில்தான் குழப்பம் அதிகம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்கிறது. மூச்சிரைக்க இரைக்கக் கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கழிக்கிறது; பொட்டாசியமும் கூடவே போகிறது. 1985-ல் ஓக்லஹோமாவில் டீட்டர் குழுவினர் அமோனியம் குளோரைடு கொடுத்து வளர்ச்சி கூடுவதைக் கண்டார்கள். அது இரத்தத்தை அமிலப் பக்கம் இழுக்கும் உப்பு. காரப் பக்கம் இழுக்கும் சோடியம் பைகார்பனேட் கொடுத்தும் பலன் கண்ட ஆய்வுகள் உண்டு. எதிரெதிரான இரண்டும் எப்படி உதவும்? இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: இரண்டும் கோழியை அதிகம் குடிக்க வைக்கின்றன. குடித்த நீர் வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது. பிரேசிலில் போர்ஜெஸ் குழு 2003-ல் வெப்பச் சூழலில் சமநிலை 240-ஐ ஒட்டி இருக்கும்போது வளர்ச்சி சிறந்ததாகச் சொன்னது. பாகிஸ்தானின் பைசலாபாத்திலிருந்து தன்வீர் அஹமதும் சர்வாரும் 2006-ல் எழுதிய ஆய்வுரை, நம்மைப் போன்ற வெயில் நாட்டுக்கு நெருக்கமான நல்ல தொகுப்பு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது எளிது. கூரை மேல் கறுப்புத் தொட்டியில் கொதிக்கும் தண்ணீரில் எந்த உப்பைக் கரைத்தாலும் வீண். தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் கூடுதலாகக் குடித்ததற்குப் பொருள் உண்டு. ஏற்கெனவே சோடியம் நிறைந்த கிணற்று நீரில் கடையில் வாங்கிய எலக்ட்ரோலைட் பொட்டலத்தைத் தினமும் கரைப்பது கூடவே கூடாது. அந்தப் பண்ணைக்குப் பொட்டாசியம் வேண்டியிருக்கலாம், சோடியம் வேண்டாம். வெயிலில் கோழி தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவதால், மூட்டையின் சோடியம் குறைந்து கிணற்றின் சோடியம் ஏறுகிறது. நல்ல தண்ணீர் உள்ளவர் கோடையில் சோடியத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். உப்புத் தண்ணீர் உள்ளவர் குறைக்க வேண்டியிருக்கும். இருவருக்கும் ஒரே பரிந்துரை எழுதுவது எப்படி நியாயமாகும்?

பைட்டேஸ் நொதியும் இந்தக் கணக்கில் நுழைந்துவிட்டது. அதை எல்லோரும் பாஸ்பரசுக்காகப் போடுகிறார்கள். தானியத்திலுள்ள பைட்டேட் குடலுக்குள் சோடியத்தையும் இழுத்து வெளியேற்றுகிறது என்பதை நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தில் வேல்முருகு ரவீந்திரன் உள்ளிட்டோர் செய்த ஆய்வுகள் காட்டின. பைட்டேஸ் அந்தப் பைட்டேட்டைச் சிதைத்தால் இழப்பு குறையும். சோடியத்தைச் சிறிதளவு குறைத்துக்கொள்ளலாம். துத்தநாகம், மாங்கனீசு, செம்பு, செலினியம் முதலியவற்றை இங்கே விரிக்கவில்லை. அவற்றின் சிக்கல் வேறு வகை.

உண்போருக்கு ஒரு சொல். தீவனத்தில் உப்பைக் கூட்டினால் கறி உப்பாகிவிடுமோ என்ற ஐயம் வேண்டாம். கோழியின் உடல் இரத்தச் சோடியத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும். மிகுதியெல்லாம் எச்சத்தில் போகிறது. அந்த எச்சம் கோழி எருவாகத் தென்னைக்கும் மஞ்சளுக்கும் வயலுக்குப் போகும்போது உப்பும் சேர்ந்தே போகிறது. ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் அதைக் கொட்டுகிற விவசாயிக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தப் பண்ணை முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. ஷெட்டும் தண்ணீரும் உழைப்பும் பண்ணையாளருடையவை. தீவனச் சூத்திரம் எழுதுகிறவர் ஒரே கலவையை நூற்றுக்கணக்கான கிணறுகளுக்கு அனுப்புகிறார். கூளம் ஈரமாகி எடை குறைந்தால், தீவன மாற்றுத் திறன் கெட்டுப்போனால், வளர்ப்புக் கூலியில் பிடித்தம் விழுவது பண்ணையாளருக்கு. தண்ணீரின் சோடியத்தைத் தெரிந்துகொள்ளும் கடமையைச் சூத்திரம் எழுதுகிறவரும் ஏற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மூட்டையில் உப்பு என்று ஒரே எண்ணாக இல்லாமல் சோடியம், குளோரைடு, பொட்டாசியம் மூன்றையும் அச்சிட வேண்டும். ஒரு வட்டாரத்தில் உள்ள பண்ணைகளைத் தண்ணீரைக் கொண்டு இரண்டு மூன்று வகையாகப் பிரித்தாலே போதும். உப்பு குறைந்த கலவை ஒன்றைத் தனியாக ஓட்டுவது எந்தப் பெரிய ஆலைக்கும் சிரமமில்லை.

பண்ணையாளர் தன் பங்குக்குத் தண்ணீரை வருடத்துக்கு இரண்டு முறை சோதிக்கலாம்: மே மாதக் கடைசியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒன்று. மொத்தக் கரைபொருளைச் சொல்லும் பேனா போன்ற கருவியின் எண் மட்டும் போதாது. சோடியம், குளோரைடு, சல்பேட், கடினத்தன்மை என்று தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். அறிக்கையின் ஒரு நகலை ஷெட்டில் மாட்டிவிட்டு, இன்னொன்றை அடுத்த பேட்ச் குஞ்சு இறங்கும் முன் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.